இடம் தெரிந்தது

ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக்கொடுத்த ஜெராக்ஸ் கம்பெனி, 1980களின் தொடக்கத்தில் தன் குடோனைத் திருத்த யாரைப் போய்ப் பார்த்தது தெரியுமா? பூட்ஸ் விற்றுப் பேர்வாங்கிய எல்.எல்.பீனை. அங்கே சரக்கை எடுத்துக் கட்டும் வேகம் அப்படி. நகல்காரரே நகல் எடுத்த அந்த வித்தைக்குப் பெயர் ‘பெஞ்ச்மார்க்கிங்’.

ஆம்பூர் ஷூ எங்கள் சத்துவாச்சாரியைத் தாண்டித்தான் சென்னைத் துறைமுகம் போகிறது. ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த பெஞ்ச், டீக்கடை பெஞ்ச்தான். சரக்குப் போக்குவரத்தில், உலக வங்கியின் 2023 பட்டியலில் 139 நாடுகளில் இந்தியாவுக்கு 38ஆம் இடம் என்று அங்கே உட்கார்ந்துதான் படித்தோம். பூரிப்போடு குடோனுக்குத் திரும்பி, நேற்று வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டேன்.

“இங்கதாண்ணா, எங்கயோ இருக்குது” என்றான் பையன்.

நாட்டின் இடம் தெரிந்துவிட்டது. பெட்டியின் இடம்தான் இன்னும் தெரியவில்லை.