ஷட்டருக்கு இட்ட பொட்டு

பாளையங்கோட்டைக்குப் பெயர் தந்த கோட்டையின் மதில்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எஞ்சிய வாயில்களுள் ஒன்றின் மேல்தளத்தில் காவல் நிலையம் இயங்கியமையால் அது மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே வழங்கலாயிற்று. மதில் போய் வாயில் மிஞ்சிய ஊரில் வாயிலைப் பேணுவதில் தனி அக்கறை இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே ஆயினும், பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர்ப் பகுதிகளில் வீட்டு முகப்பிலுள்ள கார் ஷெட்டுகளை நோக்குவோர்க்கு அந்த எதிர்பார்ப்பு அரை மணி நேரத்தில் கலைந்துவிடும். அமெரிக்கர் மேல்நோக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921-லும், அதனைத் திறக்கும் மின்கருவியை 1926-லும் சி. ஜி. ஜான்சன் என்பவர் வாயிலாகப் பெற்றனர். இங்கு அதற்கு ஈடாக நிற்பது ரோலிங் ஷட்டர், அதாவது ஒன்றோடொன்று கோத்த இரும்புப் பட்டைகள் இருபக்கக் கைடுகளுக்குள் ஓடி மேலேயுள்ள குழாயில் சுருண்டுகொள்ளும் கதவு. கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குக் குடிபெயர்ந்த இக்கதவுக்கு அண்மைக் காலத்தில் மோட்டாரும் ரிமோட்டும் வாய்த்தன. பராமரிப்பு மட்டும் இன்னும் வாய்க்கவில்லை.

ஏறத்தாழ 9 சதுர மீட்டர் பரப்புள்ள இரும்பு ஷட்டரின் எடை நூறு கிலோவை ஒட்டியிருக்கும். அதனை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கொக்கிக் கம்பியால் தனியாளாக ஏற்றி இறக்க முடிவதற்குக் காரணம் அவர் இளமையில் வ.உ.சி. மைதானத்தில் ஓடிய ஓட்டம் அன்று. குழாயிலுள்ள உருளைப் பெட்டிகளுக்குள் சுற்றிவைத்த ஸ்பிரிங்கே ஆகும். ஷட்டர் இறங்கும்போது முறுக்கேறி ஆற்றலைச் சேமிக்கும் அந்த ஸ்பிரிங், ஏறும்போது அதனைத் திருப்பிக் கொடுத்து எடையின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மோட்டார் வந்தபின் நேர்ந்த கேடு யாதெனில், ஸ்பிரிங் தளர்ந்தாலும் வீட்டாருக்குத் தெரிவதில்லை; கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளைப் போல மோட்டார் எல்லாவற்றையும் வாய்திறவாமல் சுமப்பதால், அது ஒருநாள் படுத்துவிடும்வரை யாரும் அதன் உடல்நிலையை விசாரிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை அழைத்து, மோட்டாரின் பிடியை விடுவித்து, ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்தச் செய்து பார்த்தால், நின்ற இடத்தில் நிற்பது நல்ல ஸ்பிரிங் என்றும், தானாக இறங்குவது தளர்ந்தது என்றும் விளங்கும். அதனை முறுக்குவது அவர் வேலை. முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் விரலும் மணிக்கட்டும் போகும் என்பதை அறிந்த மெக்கானிக், ‘அண்ணாச்சி, வேற என்ன வேணா செய்ங்க, ஸ்பிரிங் பக்கம் மட்டும் கைய கொண்டு போவாதிய’ என்று சொல்லிச் செல்வதும், ‘எல்லாம் எங்களுக்குத் தெரியும்டே’ என்று அண்ணாச்சி விடை கொடுப்பதும், மெக்கானிக்கின் பைக் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டூலும் ஸ்பேனரும் வெளியே வருவதும் இவ்வூர் மரபு.

இனி ஒளிக்கண்ணுக்கு வரலாம். வாயிலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, இடையில் குழந்தையோ பூனையோ குறுக்கிட்டால் இறங்கும் கதவை நிறுத்தித் திருப்பியனுப்பும் கருவி அது. தவழும் குழந்தையையும் காணவேண்டும் என்பதற்காகத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பொருத்தப்படுவது. குழந்தைகள் கதவின்கீழ் நசுங்கி இறந்த துயரங்களுக்குப் பின் அமெரிக்கா 1990-இல் சட்டம் இயற்றி, 1993 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னோ தயாரிக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக் கதவுக் கருவியிலும் இத்தகைய காப்பு இருந்தாக வேண்டும் என்று விதித்தது. நம் பக்கம் விலையைக் குறைத்துக் கேட்கும்போது முதலில் கழிக்கப்படும் உறுப்பும் இதுவே. கழிபடாமல் தப்பிய ஒளிக்கண் ஆயுதபூஜையன்று அகப்பட்டுக்கொள்கிறது. மோட்டாருக்கும் ரிமோட்டுக்கும் சந்தனமிட்ட கை, சிறிய வட்டமாகக் கண்ணாடி பதித்து நெற்றியெனத் தோன்றும் அந்த இடத்தைக் கண்டதும், பொட்டு வைக்காமல் மீளாது. பொட்டிட்ட கண்ணுக்குப் பார்வை போகவே, எதிரில் ஏதோ நிற்பதாகக் கருதி ஷட்டர் இறங்க மறுக்கும். ஊருக்குப் புறப்பட்டுப் பெட்டியும் கையுமாய் நிற்கும் குடும்பத்தார் அதனைப் பழுது என்பர்.

உண்மையில் அன்றுதான் அக்கருவி தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் தீரும் இச்சிக்கலுக்கு ஊரறிந்த தீர்வோ வேறு: இரண்டு கண்களையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்குமாறு கூரையோரம் டேப் சுற்றி ஒட்டிவிடுதல். இதன்பின் அவை ஒன்றையொன்று இடையறாது நோக்கி மகிழ்ந்திருக்க, கீழே யார் நின்றாலும் ஷட்டர் தயக்கமின்றி இறங்கும். நிற்கும் கதவைப் பழுதென்றும் நிற்காத கதவைச் சரியென்றும் கொள்ளும் இந்தத் தலைகீழ் இலக்கணமே விபத்துகளுக்கெல்லாம் தாய் என்பது கட்டுரையாளரின் துணிபு.

பூஜையை விடவேண்டியதில்லை. காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் அதே நாளில், ஷட்டரின் அடியில் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரப்பலகை ஒன்றைக் கிடத்தி, எட்ட நின்று பொத்தானை அழுத்தினால் போதும். தானே திரும்பும் வசதியுள்ள கதவு பலகையைத் தொட்டவுடன் மேலேறவேண்டும், ஏறாவிடில் மெக்கானிக் வரும்வரை மோட்டாருக்கு ஓய்வு. பலகையும் பழமும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றே என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது: ஷட்டர் எலுமிச்சையை நசுக்கினால் திருஷ்டி கழிந்ததென்று வீட்டார் மனநிறைவுடன் உள்ளே போய்விடுவர்.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தெருப்புழுதியை ஈர்த்துக் கைடுகளை அடைக்கும். முதலில் துடைத்தலும், சங்கிலிக்கும் பேரிங்குக்கும் உரிய கிரீஸுமே போதும். சித்திரை வெயிலில் பேரப்பிள்ளைகள் ரிமோட்டை விளையாட்டுப் பொருளாக்கித் தொடர்ந்து ஏற்றியிறக்கினால், சூடு மிகும்போது தானே நிற்கும் காப்பு மோட்டாரை நிறுத்திவிடும். அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சுவரிலுள்ள பொத்தானை ஐந்தடி உயரத்தில் வைப்பதும் ரிமோட்டைப் பூட்டி வைப்பதும் பிள்ளைகளைச் சற்றே தாமதப்படுத்தும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைகடந்து, கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்திலேயே வெள்ளம் புகுந்தபோது, உயரத்திலிருக்கும் ஷட்டர் மோட்டாரைவிடத் தரையோடு ஒட்டியமைந்த நகரும் கேட்டின் மோட்டாருக்கே ஆபத்து மிகுதி என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. நனைந்த மோட்டாரை உலர்த்திச் சோதிக்காமல் இயக்கலாகாது. மின்சாரம் இல்லாத வேளைகளில் கதவைத் திறக்க உதவுவது கைச்சங்கிலி, அதாவது மோட்டாரின் பக்கத்தில் தொங்கி, கையால் இழுத்து ஷட்டரை ஏற்றும் வளையச் சங்கிலி. பல வீடுகளில் அதில் ஈரத்துண்டு உலர்கிறது. அச்சங்கிலி இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு, நாளிதழில் வெளியாகும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைக் காட்டிலும் பொருத்தமான நாள்காட்டி இல்லை. ஆனால் அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் வந்துவிடும் நாள்களும் உண்டு. ஆதலால் சங்கிலியைத் தொடுமுன் மோட்டாரின் சுவிட்சை அணைத்து, ரிமோட்டைப் பேரன் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நலம்.