வினாடிக்கு ஒரு சங்கிலி

எட்மண்ட் குன்டர் என்றொரு ஆங்கிலேயப் பாதிரியார் இருந்தார். ஜெபம் போக மிஞ்சிய நேரத்தில் வானியல் பேராசிரியர். 1620 வாக்கில் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி. அறுபதும் இல்லை, எழுபதும் இல்லை. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், எண்பது சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பாதிரியார் போய்ச் சேர்ந்தார். சங்கிலி கப்பலேறி நம் ஊருக்கு வந்தது.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. கவர்னர் ஹாரிஸ் பிரபு கோட்டும் சூட்டுமாக உள்ளே. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வயல்களில் புகையைக் கக்கிக்கொண்டே ஆற்காடு ஸ்டேஷனுக்குப் போனது. அந்த ஸ்டேஷன் ஆற்காட்டில் இல்லை, இன்றைய வாலாஜா ரோடு பக்கம் என்பது வேறு விஷயம். ரயிலுக்குப் பின்னாலேயே கணக்கு வாத்தியாரும் வந்து சேர்ந்தார்.

“ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் தொடர்வண்டி சீரான முடுக்கத்துடன்…” என்று ஆரம்பிப்பார். அவர் ரயிலுக்கு மட்டும் சிக்னல் விழுந்தே இருக்கும். படியில் ஒருவரும் தொங்கமாட்டார்கள். அம்பத்தூரில் புறப்பட்டு இரண்டு பர்லாங்கில் மணிக்கு 45 மைல் வேகம் பிடிக்கிறது, முடுக்கம் என்ன?

மணிக்கு 15 மைல் என்றால் வினாடிக்கு 22 அடி. இது அந்தக் காலத்துப் பையன்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படியானால் 45 மைலுக்கு 66 அடி. அட, பாதிரியார்! ரயில் வினாடிக்கு ஒரு சங்கிலி ஓடுகிறது. வேகத்தின் வர்க்கம் 4356. அம்பத்தூர் மனை புரோக்கரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், “பத்து சென்ட், கார்னர் பிளாட்டா?” என்பார். சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, சரியாகப் பத்து. “ஐயா, கீழே வினாடியின் வர்க்கம் இருக்கிறது” என்று வாத்தியார் பதறுவார். புரோக்கர் வினாடிக்கு விலை போடுவதில்லை. கடந்த தூரம் 1320 அடி, அதன் இரட்டிப்பு 2640. அந்த 4356-ஐ இதனால் வகுத்தால் முடுக்கம் 1.65 அடி, நேரம் 40 வினாடி.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடிக்கு வந்தது. தேபர் தலைமை, நேரு முழக்கம், சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம். ஏற்றத்தாழ்வை ஒழிக்க நாளாகும் என்று தெரிந்ததும் அணாவையும் மைலையும் ஒழிப்போம் என்று இறங்கிவிட்டார்கள் போலும். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம். 1957 ஏப்ரல் 1-ல், நாள் பார்த்துத்தான், நயா பைசா. ஓரணாவுக்கு 6, நாலணாவுக்கு 25. ஓரணாச் சாமானை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 நயா பைசாவில் முடிந்துவிடும். மிச்சமான அந்த ஒரு பைசாதான் பொதுஜனம் கண்ணால் பார்த்த சோஷலிசம்.

ரயில் கணக்கும் மாறியது. 45 மைல் 72 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வாத்தியார் தாண்டவிடவில்லை. ஐந்து பை பதினெட்டால் பெருக்கினால் வினாடிக்கு 20 மீட்டர். இரண்டு பர்லாங் 400 மீட்டராகச் சுருங்கியது. முடுக்கம் அரை மீட்டர். நேரம்? அதே 40 வினாடி. டெல்லியில் என்ன சட்டம் போட்டாலும் அம்பத்தூர் ரயில் அசரவில்லை.

அணா செத்தது, பர்லாங் செத்தது. சென்ட்டைத்தான் எவராலும் தொட முடியவில்லை. பக்கத்துப் பூந்தமல்லிக்காரர்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் ரயிலே கிடையாது, ஆகையால் முடுக்கம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பத்து சென்ட் அவர்களையும் விடவில்லை.