அசையாப் பொருள்

எங்கள் வீட்டில் கனமான பொருள்கள் இரண்டு. ஒன்று பீரோ, இன்னொன்று நான். பீரோவாவது திறந்தால் ஏதாவது கொடுக்கும் என்பது என் மனைவியின் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தேன் என்றால் அவ்வளவுதான், யாராலும் என்னை அசைக்க முடியாது. மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்த செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கே 1690-இல் தொடங்கி 1698 வரை ஆயிற்று. பக்கத்தில் அனந்தபுரத்தில் இருக்கிற எனக்கு அந்தக் காற்று கொஞ்சமாவது அடிக்காதா?

இதற்குப் பெரிய இடத்து ஆதரவும் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டு டேக்கார்ட் 1644-இல் வெளியிட்ட நூலில் மோதலுக்கென்று ஏழு விதிகள் சொன்னார். நான்காவது விதி என்னைப் பார்த்தே எழுதியது: சும்மா கிடக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் என்ன வேகத்தில் வந்து இடித்தாலும் அசைக்க முடியாது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இந்த விதியைக் கெடுக்க எங்கள் வீட்டிலேயே ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"அது தப்புப்பா. ஹைகன்ஸ் அப்பவே உடைச்சிட்டார்."

லண்டன் ராயல் சொசைட்டி 1668-இல் மோதலுக்குச் சரியான விதி கேட்டதாம். வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் பதில் கொடுத்தார்களாம். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். டேக்கார்ட் கோட்டைவிட்டது திசையை. அதையும் சேர்த்துக் கூட்டினால், வெளியிலிருந்து யாரும் கைவைக்காத வரை, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் ஒன்றுதான். ஆகவே, எவ்வளவு சின்னது வந்து இடித்தாலும் பெரியது கொஞ்சமாவது நகர்ந்தே தீரும்.

நிரூபிக்கக் கேரம் போர்டைக் கொண்டுவந்து போட்டாள். குழி வாயிலேயே ஒரு வெள்ளைக் காய். குருடன் அடித்தாலும் விழும். நான் கண்ணைத் திறந்துகொண்டே ஓங்கி அடித்தேன். காய் விழுந்தது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

"ஃபைன்! விழுந்த காயோட இன்னொண்ணும் எடுத்து வைங்க."

ஏன் அப்படி என்று நோட்டில் கணக்குப் போட்டாள். ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காய் 5 கிராமுக்குச் சற்று மேலே. நேருக்கு நேர் மோதினால் ஸ்ட்ரைக்கரிடம் ஏறக்குறைய பாதி வேகம் மிச்சம் இருக்கும். காய் அதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் முன்னே ஓடும். உந்தத்தில் இருவருக்கும் சரிபாதி. காயும் காயும் மோதினால் கதை வேறு. சம எடை என்பதால் வந்தது நின்றுவிடும், நின்றது ஓடிவிடும். கனமான ஆசாமிக்குத்தான் காரியம் முடிந்த பிறகும் நிற்கத் தெரியாது. இதைச் சொல்லும்போது அவள் என் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டாம்.

சென்னை மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலக சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருதும் வாங்கினார். அவருக்கும் இதே விதிதான். ஆனால் தேர்ந்த கை குழி வாயில் கிடக்கும் காயை மெல்லத் தட்டும், அல்லது ஓரத்தில் உரசும். மிச்ச வேகத்தைப் பலகையின் உராய்வு தின்றுவிடும். நானோ உராய்வே இருக்கக்கூடாது என்று அரை டப்பா பவுடரைக் கொட்டியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, "என்னங்க, கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று அடுக்களையிலிருந்து குரல்.

புதிதாய்ப் படித்ததைப் பயன்படுத்தினேன். "நான் முன்னால போனா, உந்தம் மாறாம இருக்க பூமி கொஞ்சம் பின்னால நகரணும். ஒரு கட்டு கொத்தமல்லிக்காக பூமியையே அலைக்கழிக்கணுமா?"

"திரும்பி வந்து உக்காந்தா அதுவும் பழைய இடத்துக்கு வந்துடும். அப்படியே புதினாவும் ஒரு கட்டு."

மகள் நோட்டில் சரிபார்த்தாள். "அம்மா சொல்றது சரிப்பா" என்று பையை எடுத்து நீட்டினாள்.