கூகுளில் கூகுளைத் தேடும் மரபு: ஓர் ஆய்வு

ஆய்வேடு என்றால் முதலில் நோக்கம் சொல்ல வேண்டும். இதன் நோக்கம் முனைவர் பட்டம். அடுத்து ஆய்வு எல்லை: இணைய உலாவியைப் புதிதாகப் பழகும் ஒருவர் அதைத் திறந்தது முதல் எரிச்சலில் மூடுவது வரை. ஆய்வுச் சிக்கல்: என் பெரியப்பா. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே மின்கட்டணம் கட்டிவிடுவது என்று பேரனின் பழைய லேப்டாப் முன் வந்து உட்கார்ந்தார். கருதுகோளைக் கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன். முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் எழுதுவதுதான் கல்விப்புல வழக்கம், பொய்க்கவே பொய்க்காது.

முன்னாய்வுகளை மதிப்பிடுவோம். 2009இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கூகுள் நிறுவனத்தார் போவோர் வருவோரை நிறுத்தி, ‘உலாவி என்றால் என்ன?’ என்று கேட்டுப் படம் பிடித்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. தேடுபொறிதான் உலாவி என்று பலர் நினைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பலர் அதில்தான் அன்றாடம் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவர்கள். யாப்பிலக்கணம் படித்துவிட்டா பாட்டிமார் தாலாட்டுப் பாடினார்கள்? நம் பாடநூல்களுக்கு இது உடன்பாடில்லை. அவை வரையறையில் தொடங்கும், வகைகளுக்குப் போகும், நிறைகுறைகளை அட்டவணைப்படுத்தும், பயிற்சி வினாக்களில் முடியும். அப்படி ஒரு நூலை வாங்கிக் கொடுத்தோம். பெரியப்பா வரையறையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். கரண்டு பில் அப்படியே இருந்தது.

வரலாறு இல்லாவிட்டால் நெறியாளர் ஏட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே: முதல் உலாவியை 1990இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார், அதில் படிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக், எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி ஊரைக் கூட்டியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. இவையெல்லாம் நம்மிடம் கடைச்சங்க காலத்திலேயே இருந்தன என்று நிறுவும் நூல் இன்னும் வெளிவரவில்லை. அச்சில் இருக்கும்.

இனி உறுப்பியல். உலாவியின் உறுப்புகள் ஏழு என்பர் மாடிவீட்டு உரையாசிரியர். ஆறு என்பர் கீழ்வீட்டார்; ரெஃப்ரெஷ் பொத்தான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பின்செல் அம்பு: பின்னால் செல்லும். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் அதைத் தொடக்கூடாது.

ரெஃப்ரெஷ்: பாடபேதம் உண்டாக்கும் கருவி. அழுத்துவதற்கு முன் இருந்த செய்தி அழுத்திய பின் இராது. எது மூலபாடம் என்பதில் பதிப்பாசிரியர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது (மாடிவீட்டு உரை, பக். 3).

மறைநிலை: நீங்கள் பார்த்ததை உங்கள் உலாவியின் வரலாற்றில் ஏற்றாது. இணைய இணைப்புத் தருகிறவருக்கு மறைக்காது. இதற்கு மேல் களப்பணி செய்ய வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

பூட்டு: முகவரிக்கு முன்னால் சின்னதாக நின்றது. போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். தளத்தை நடத்துகிறவன் யோக்கியன் என்பதல்ல. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். 2021இல் கூகுள் ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் இது புரிந்திருந்தது. 2023இல் குரோம் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு வேறு குறி மாட்டிவிட்டது. வாசகனுக்குப் புரியவில்லை என்பதற்காக ஓர் உரையாசிரியர் தன் உரையை மாற்றியதாக நம் மரபில் சான்று கிடைக்கவில்லை (மேலது, ஆனால் வேறு நாள்).

குக்கி: 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உண்டாக்கியது. வந்தவர் யாரென்று தளம் நினைவு வைத்துக்கொள்ள உதவும் சிறு குறிப்பு. இதற்குச் சம்மதமா என்று கேட்டு ஒரு பெட்டி எழும்பும். உலகமே படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போகும். பெரியப்பா முழுவதும் படித்தார். நாற்பது வருடம் பத்திரம் படித்த கண். படித்து முடித்துவிட்டு, “சாட்சிக் கையெழுத்து எங்கேடா?” என்றார். அதற்கு உரை எழுத இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

இனி இந்நூலின் உயிர்நாடியான முகவரிப் பட்டை. கண்டதைக் கண்டபடி பதிவு செய்கிறேன். பெரியப்பா உலாவியைத் திறந்தார். கூகுள் வந்து நின்றது. அதன் நடுவில் இருந்த பெட்டியில் ‘கூகுள்’ என்று ஒற்றை விரலால் தட்டினார். கூகுள் தன்னிடம் இருந்தவற்றுள் தேடி, கூகுளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதைத் தொட்டார். மறுபடியும் கூகுள் வந்தது. அவர் முகத்தில் நிறைவு.

“பெரியப்பா, அது முதல்லயே கூகுள்தான்.”

“அப்படின்னா இவ்வளவு நேரம் நான் எங்கேடா போயிட்டு வந்தேன்?”

இந்த வினாவுக்கு முன் மரபிலக்கணம் கைகட்டி நிற்கிறது. போகாத இடத்துக்குப் போய், விட்டுப் பிரியாத இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். மாடிவீட்டார் இதைக் ‘கூறியது கூறல்’ என்னும் நூற்குற்றத்தில் அடக்குவர். கீழ்வீட்டாரோ இது குற்றமன்று, மங்கல வாழ்த்து; பிள்ளையார் சுழி போடாமல் கடிதம் தொடங்கலாகாது என்ப (கீழ்வீட்டு உரை, மழையில் நனைந்த படி, ஈரம் காய்ந்தபின் ஒட்டிக்கொண்ட இரு பக்கங்களுக்கு நடுவே). இவ்விரண்டையும் மறுத்து, “அவருக்குப் பொழுது போகலை” என்று ஒரு மூன்றாம் தரப்பும் உண்டு (பெரியம்மா வாய்மொழி, அடுக்களையிலிருந்து, குக்கரின் மூன்றாம் விசிலுக்குப் பின்). இதுபற்றி விரிவாகப் பேசும் ‘கூகுளந்தாதி’ நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. கரையான் விட்டுவைத்தது ஒரு பாடலின் எண்ணை மட்டும்தான். அந்த எண்ணுக்குப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை நானூறு பக்கம். அம்முன்னுரைக்கு மறுப்பாக அவரே வேறு பெயரில் எழுதிய நூலுக்குப் பரிசும் கிடைத்தது.

பெரியப்பா தனிமரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021இல் லக்சம்பர்க்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில், கூகுளின் வழக்கறிஞரே எழுந்து ஒரு செய்தி சொன்னார்: மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் மக்கள் மிக அதிகமாகத் தேடும் சொல் ‘கூகுள்’. ஆகவே இது ஒரு சார்பதிவாளரின் பழக்கமல்ல, உலகப் பொதுமறை.

குழப்பத்தின் வேர் எது? முன்பு முகவரிக்கு ஒரு பெட்டி, தேடுவதற்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2008இல் வந்த குரோம் இரண்டையும் ஒன்றாக்கியது. அன்று முதல் பழகுநர் உலகம் இரண்டு கலையாகப் பிரிந்தது. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல முகவரியை எழுத்துவிடாமல் தானே தட்டுகிறவர்கள் வடகலையார். பூனைக்குட்டியாய்ச் சும்மா கிடந்து, தேடுபொறி கவ்விக்கொண்டு போய் விடும் இடத்துக்குப் போகிறவர்கள் தென்கலையார். வடகலையார் இரு புள்ளியும் இரு சாய்கோடும்கூட விடாமல் தட்டுவார்கள். அந்த இரண்டு கோடும் தேவையே இல்லாதவை என்று 2009இல் பெர்னர்ஸ்-லீயே சொல்லிவிட்டார். ஆசிரியரே கைவிட்டாலும் மாணாக்கர் விடுவதாயில்லை. இதுவும் நம் கல்விப்புலத்துக்குப் புதிதல்ல.

என் தீர்ப்பு வடகலைக்கே. பூனைக்குட்டி மார்க்கத்தில் ஓர் இடர் உண்டு. தேடல் முடிவில் தலைமாட்டில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். அந்த இடத்தைக் காசு கொடுத்தால் போலித் தளமும் வாங்கலாம். எல்லாக் கவ்வலும் தாய்ப்பூனையின் கவ்வல் ஆகாது. பில்லின் பின்பக்கம் அச்சடித்திருந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பெரியப்பா தட்டினார். தளம் திறந்தது. நட்சத்திரக் குறியை அழுத்தி புக்மார்க்கில் போட்டுக்கொடுத்தேன். வரையறை, வகை, அட்டவணை எதுவும் இல்லாமல் வேலை முடிந்தது. ஆய்வேட்டுக்கு இது பெரும் பின்னடைவு.

எஞ்சியது டேப். ஒன்றைத் திறக்கலாம், இன்னொன்றைத் திறக்கலாம், மூடத்தான் கூடாது. ஆண்ட்ராய்டு குரோமில் திறந்திருக்கும் டேப்களின் எண் ஒரு குட்டிச் சதுரத்தில் தெரியும். 99ஐத் தாண்டினால் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு சிரிப்பு முகம் காட்டும். மென்பொருளுக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டல்லவா. பேராசிரியர் ஒருவருடைய திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எல்லாம் ஆய்வுக் கட்டுரைகள். “இவ்வளவும் படிச்சாச்சா, ஐயா?” என்றேன். “திறந்து வச்சிருக்கேன்ல?” என்றார். அத்தனையும் அவருடைய புதிய நூலின் துணைநூற்பட்டியலில் அகர வரிசையில் இருக்கின்றன.

பெரியப்பா இன்னும் ஒரே டேப்போடுதான் வாழ்கிறார். கட்டிய ரசீது வந்ததும் கை தவறி அதையும் மூடிவிட்டு, பணம் போச்சே என்று வெலவெலத்துப் போனார். அவருக்குச் சொன்னதையே வாசகருக்கும் சொல்கிறேன்: கணினியில் மூடிய டேப்பை மீட்க கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சாதாரணமாகத் திறந்திருந்தால் வரும். மறைநிலையில் திறந்து மூடியது வராது. பணம் பற்றிய சந்தேகத்துக்கு வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள், ரெஃப்ரெஷ் வேண்டாம்.