மிஷின் ஓடிக்கினு இருக்கு

புதுச்சேரியின் சேதராப்பட்டில் ஒருத்தரைப் பற்றி விசாரித்தால், குணத்தைச் சொல்வதற்கு முன்னால் மிஷினைச் சொல்வார்கள். "அவரா? பிரஸ்ல இருக்காரு." "அவன் தம்பி மோல்டிங்." பிப்டிக் தொழிற்பேட்டை வந்த பிறகு பிறந்த தலைமுறைக்கு உலகம் அப்படித்தான் பிரிந்திருக்கிறது: மிஷினை ஓட்டுகிறவன், மிஷினுக்குச் சொந்தக்காரன். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குத் தாவிவிட வேண்டும் என்று வெறிகொண்டு திரிகிற ஒரு ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு. கரசூரிலும் இருக்கிறார், துத்திப்பட்டிலும் இருக்கிறார், தொண்டமாநத்தத்தில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. எல்லோரையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருவமாக்கி, மிஷின்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வயது முப்பத்துமூன்று. டிப்ளமோ மெக்கானிக்கல். ஷிப்ட் சூப்பர்வைசர். கல்யாணம் ஆகவில்லை, அதாவது, "செட்டில் ஆயிட்டுப் பண்ணிக்கலாம்" என்ற நிலை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும். இரண்டு போன். ஒன்றில் பேசுவார், இன்னொன்றில் பச்சையும் சிவப்புமாய் விலைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

இவரிடம் மிஷின் வாங்குவது ஒரு பழக்கம். முதலில் பாக்குமட்டைத் தட்டு மிஷின். "மிஷினை எங்ககிட்ட வாங்குங்க, தட்டை நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார்கள். மிஷின் வந்தது, தட்டும் வந்தது, எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் போனை எடுக்கவில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் பழைய சோறு பாக்குமட்டைத் தட்டில்தான். பிறகு கற்பூர மிஷின். அது கிடக்கும் பரணில் பூச்சிபொட்டு அண்டுவதில்லை என்பது அதன் மிச்ச லாபம்.

ஆனால் இவரை ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. பிட்காயின் மைனிங் செய்து மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருகிறேன் என்று 'கெயின்பிட்காயின்' என்ற திட்டம் நாடெங்கும் ஆட்களைச் சேர்த்தபோது, இவரிடமும் ஒரு நண்பர் வந்தார். இவர் சேரவில்லை. அதை நடத்திய அமித் பரத்வாஜ் 2018-ல் கைதானார், 2022-ல் இறந்தும் போனார். போட்டவர்கள் பணம் போனது போனதுதான். இந்தக் கதையைச் சொல்லும்போது மிஷின்காரர் முகத்தில் ஒரு ஒளி வரும். "கண்ணுக்குத் தெரியாத மிஷின்ல துட்டு போட நான் இன்னா கேனையா? நம்ம வூட்ல மிஷின் இருக்கணும். நம்ம சுவிட்ச்சைப் போடணும். நம்ம கண்ணு முன்னால ஓடணும்."

இந்த ஜாக்கிரதை உணர்ச்சிதான் அவரைக் குழியில் இறக்கியது என்று நான் நினைக்கிறேன். மேகத்தில் ஓடும் மிஷினை நம்பாதவர், மேஜையில் ஓடும் மிஷினை முழுசாக நம்பிவிட்டார்.

முதலில் வந்தது ஒரு பழைய பிட்காயின் மைனிங் மிஷின், ஆன்ட்மைனர் எஸ்9. 2016-ல் சந்தைக்கு வந்தபோது அது ராஜா. நொடிக்குச் சுமார் 13.5 டெராஹாஷ், பதின்மூன்றரை லட்சம் கோடி முறை ஊகித்துப் பார்க்கும். வேலை அவ்வளவுதான், ஊகம். ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது, சரியில்லை என்றால் அடுத்த எண். உலகத்தில் யாரோ ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கொரு தரம் சரியான எண் விழும். அவருக்குப் புது நாணயம். மற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து.

"மைனிங்" என்றதும் அம்மாவுக்கு நெய்வேலிதான் ஞாபகம் வந்தது. "வூட்டுக்குள்ளயே தோண்டுவாங்களாடா?" என்று கேட்டார். கேள்வி அபத்தமில்லை. புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கும் உண்டு. அங்கே நிலக்கரியைத் தோண்டி மின்சாரமாக்கி அனுப்ப, இங்கே கூடத்தில் அந்த மின்சாரத்தை எரித்து இன்னொரு தரம் தோண்டுகிறார். முதல் சுரங்கத்தில் வந்தது பொருள். இரண்டாவதில் முதலில் வந்தது சத்தம்.

சத்தம் என்றால் 75 டெசிபல். தொழிற்பேட்டைக்குள் அது சங்கீதம். அம்மன் கோயில் தெருவில், இரவு இரண்டு மணிக்கு, அது வேறு விஷயம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "தம்பி, மாவு அரைச்சு முடிச்சிட்டியா?" என்று கேட்டார். "இது இருபத்திநாலு மணி நேரமும் ஓடணும் தாத்தா" என்றார் மிஷின்காரர், பெருமையோடு. பெரியவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். அடுத்து வெக்கை. அது வாங்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும். குளிர் நாடுகளில் இதை வைத்தே அறையைக் கதகதப்பாக்குகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, அந்த வசதியை நாம் கேட்கவில்லை. ஆனால் அம்மா விவரமானவர். மிஷினின் பின்பக்கம் வரும் அனல்காற்றில் முறத்தை வைத்து வடகம் காயப்போட்டார். மழைக்காலத்திலும் காய்ந்த வடகம் அந்தத் தெருவில் அந்த வீட்டில்தான் கிடைக்கும். கிலோ கணக்கில் விற்கவும் செய்கிறார். அந்த மிஷினால் அந்த வீட்டுக்கு வந்த ஒரே ரொக்கம் அதுதான் என்பதை மகனிடம் யாரும் சொல்வதில்லை.

சரி, வருமானத்துக்கு வருவோம். 2025-ல் உலகத்து மிஷின்களின் மொத்த வேகம் 100 கோடி டெராஹாஷை எட்டிவிட்டது. அதில் நம்மவர் பங்கு பதின்மூன்றரை. பிட்காயின் விலை 1 லட்சம் டாலர் என்று தாராளமாக வைத்தாலும் நாளைக்குச் சுமார் 53 ரூபாய். மிஷின் இழுப்பது 1,350 வாட். நாளைக்கு 32 யூனிட்டுக்கு மேல். கணக்குக்கு வசதியாக யூனிட் 7 ரூபாய் என்றால் 227 ரூபாய். ஐம்பத்துமூன்று ரூபாயை எடுக்க இருநூற்று இருபத்தேழு ரூபாயைக் கொளுத்துவதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பத்துக்கண்ணு வழியாக வரலாம்.

"அது பழைய மிஷின் சார், அதான்" என்றார். அடுத்த யோசனை லாட்டரி. கூட்டாக ஓட்டிப் பங்கு வாங்காமல், தனியாக ஓட்டுவது. விழுந்தால் மொத்தமும் நமக்கு. இது கட்டுக்கதை இல்லை. 2022 ஜனவரியில் வெறும் 126 டெராஹாஷ் வைத்திருந்த ஒருவருக்கு முழுசாக 6.25 பிட்காயின் விழுந்திருக்கிறது. அந்தச் செய்தியை மிஷின்காரர் போனில் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறார். ஆனால் எஸ்9-ஐத் தனியாக ஓட்டினால் ஒன்று விழ, இன்றைய போட்டியில், சராசரியாக 1,400 வருஷம். மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்துகொண்டிருந்த காலத்தில் நம்மவர் சுவிட்சைப் போட்டிருந்தால் இந்நேரம் ஒன்று விழுந்திருக்கலாம். அவனுடைய குடைச்சல் நின்றுவிட்டது, கோயிலாவது மிச்சம்.

அடுத்த யோசனையை மாமன் மகன் கொடுத்தான். விவசாய மோட்டாருக்குத்தான் கரன்ட் இலவசமாயிற்றே, கொட்டகையில் வைத்து ஓட்டினால் யாருக்குத் தெரியும்? இதைக் கேட்டதும் மிஷின்காரர் மௌனமாகப் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். மலேசியாவில், சரவாக் மாநிலம் மிரியில், 2021-ல் திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 மிஷின்களைப் போலீஸார் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரை ஏற்றிய காட்சி. ரோலர் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரால் பார்க்க முடியாது. நேர்மையான மனிதர் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கடைசியில் புது மிஷினே வாங்கிவிட்டார். எஸ்21. 200 டெராஹாஷ், 3,500 வாட். மூன்றரை இஸ்திரிப் பெட்டியை இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. முன்பணம் கட்டும்போது நான் அமெரிக்காவின் பட்டர்ஃபிளை லேப்ஸ் கதையைச் சொல்லிப் பார்த்தேன். முன்பணம் வாங்கிக்கொண்டு, மிஷினை மாதக்கணக்கில் அனுப்பாமல், அனுப்பும்போது அது பழசாகிப் போயிருக்க, 2014-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நீதிமன்றத்துக்குப் போன கம்பெனி அது. வாடிக்கையாளர் மிஷினை அவர்களே ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டார்கள் என்றும் ஆணையம் குற்றம் சாட்டியது. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு மிஷின்காரர் சொன்னார்: "பாத்தியா சார், அவனே ஓட்டியிருக்கான்னா அதுல எவ்ளோ வருமானம் இருக்கணும்!"

புது மிஷினின் கணக்கு இது. நாளைக்குச் சுமார் 790 ரூபாய், மாதம் 23,700. கரன்ட் மாதம் 2,520 யூனிட், 17,640 ரூபாய். மிச்சம் ஆறாயிரம். இந்த இடத்தில் மிஷின்காரர் நோட்டை மூடிவிடுவார். நாம் மூட வேண்டாம். 2022 பட்ஜெட்டில் வந்த சட்டப்படி இந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி. லாபத்துக்கு அல்ல. மைனிங்குக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது என்று அந்த ஆண்டு மார்ச்சிலேயே மக்களவையில் அரசு பதில் சொல்லிவிட்டது. ஆக வரி ஏழாயிரத்துச் சொச்சம். மாதம் ஆயிரம் ரூபாய் கையிலிருந்து. மிஷின் விலை, அடகு வட்டி, விசிறி தேய்மானம், அம்மாவின் தூக்கம் எதையும் நான் சேர்க்கவில்லை. பிட்காயின் விலை ஏறினால் கணக்கு மாறாதா என்றால், மாறும். அப்போது உலகத்தில் எல்லாரும் இன்னும் மிஷின் வாங்குவார்கள், பங்கு குறையும். 2024 ஏப்ரலில் ஒரு தடவை பரிசு பாதியாகி 3.125 ஆனது, 2028 வாக்கில் அதிலும் பாதி.

இதை அவருக்குப் புரியவைப்பது ஏன் கஷ்டம் என்று யோசித்திருக்கிறேன். அவர் வாழ்க்கை முழுவதும் தொழிற்பேட்டைக்குள். அங்கே ஒரு மிஷின் ஓடினால் ஒரு லாரி சரக்கு, இரண்டு ஓடினால் இரண்டு லாரி. கண்ணால் பார்த்த சத்தியம் அது. பிட்காயின் அப்படியில்லை. கும்பாபிஷேகத்துக்கு 450 லட்டு பிடித்திருக்கிறார்கள். வரிசையில் நூறு பேர் நின்றாலும் நூறு கோடிப் பேர் நின்றாலும் அதே 450 லட்டுதான். நாளைக்கு 450 நாணயம், கூட்டம் கூடக்கூட ஊகம் கடினமாகும்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானாகவே திருத்திக்கொள்கிற ஏற்பாடு. மிஷின் கூடினால் உற்பத்தி கூடாத ஒரு ஆலையைத் தொழிற்பேட்டையில் வளர்ந்தவனுக்கு எப்படிக் காட்டுவது? யாராலும் முடியாது என்று சொல்லவில்லை. மலிவான நீர்மின்சாரத்தின் ஓரத்தில், கிடங்கு கிடங்காக மிஷின் அடுக்கி ஓட்டுகிறவர்களுக்குக் கட்டுபடியாகலாம். அவர்களோடுதான் நம்மவர் கூடத்துச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் மல்லுக்கட்டுகிறது.

பொறுமையிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று சேதராப்பட்டு, கரசூர் பக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்து, வருஷக்கணக்கில் அதில் முள் முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். வரும் என்று சொன்னது வராமல் இருப்பது அவருக்கு அதிர்ச்சி இல்லை, பூகோளம். "லாபமா?" என்று நேரடியாகக் கேட்டால், "மிஷின் ஓடிக்கினு இருக்கு" என்பார். ஆடிட்டரிடம் போய் வரி கட்டிவிட்டும் வந்தார். "நஷ்டத்துக்குக் கூடவா சார் வரி?" என்று அங்கே கேட்டவர், ஊருக்குள் வரும்போது, "நான் இப்ப இன்கம்டாக்ஸ் கட்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

போன மாதம் பாகூர் பக்கமிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். காபி வந்தது, வடகமும் வறுத்து வைத்தார்கள். "பையன் சம்பளம் எவ்ளோ வரும்?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்க, மிஷின்காரரின் மாமா சம்பளத்தைச் சொல்லவில்லை. எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கரன்ட் பில்லை எடுத்து வந்து கையில் கொடுத்தார். சித்தப்பாவும் தொழிற்பேட்டையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யூனிட்டைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த அண்ணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வூட்டுக்கே பதினேழாயிரம் கட்றாரு. பெரிய எடம். ரொம்ப யோசிக்காதீங்க."