லாரி ட்யூப் காற்று

எண்பதுகளில் மதுரையில் ஒருவர் காலமாகிவிட்டால், பதினாறாம் நாளுக்குள் அவருடைய படம் சட்டம் போட்டுத் தயாராகிவிட வேண்டும். வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த கும்பல் போட்டோவாக இருக்கும். அதில் மூன்றாவது வரிசையில் நிற்கும் முகத்தைப் பெரிதாக்கினால், கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளிக்குள் பார்வையை வரவழைத்து, கரைந்துபோன காது மடலுக்கு விளிம்பு கொடுத்து, பக்கத்தில் நின்றவரின் தோளை வெளிறிய பின்னணிக்குள் மறைத்துக் கொடுப்பவரை ஸ்டூடியோக்காரர்கள் ‘பினிஷிங் ஆர்ட்டிஸ்ட்’ என்பார்கள். என் தாய்மாமா அந்த வேலைதான் செய்தார்.

அவரிடம் இருந்தது இங்கிலாந்தில் செய்த ஓர் ஏரோகிராஃப், அதாவது ஏர்பிரஷ். பேனா அளவுதான் இருக்கும். மேலே சின்னக் கிண்ணம், அதில் சில துளி வண்ணம். ட்ரிகரைக் கீழே அமுக்கினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். இரண்டையும் ஒரே விரல் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும். இன்று கடையில் ‘டபுள் ஆக்‌ஷன்’ என்று விற்பது இதைத்தான். காற்றுக்கு ஒரு பழைய லாரி ட்யூப். கால் பம்பால் அதில் காற்று அடிப்பது விடுமுறையில் என் வேலை. ட்யூப் தளர்ந்தால் பூச்சு சொரசொரப்பாகிவிடும் என்பதால் மாமா காற்றை எண்ணி எண்ணிச் செலவழிப்பார். அடுத்து எந்த இடம், எவ்வளவு நேரம் என்று தீர்மானித்த பிறகுதான் விரல் ட்ரிகரைத் தொடும்.

இந்தக் கருவி பிறந்ததே முகங்களுக்காகத்தான். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ஸ்டான்லி 1876-ல் வண்ணத்தைத் தூவும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து ஸ்டான்லி நீராவிக் கார்களைச் செய்தவர் அவர்தான். 1879-ல் அயோவாவில் ஆப்னர் பீலர் தன் கருவியைச் செய்தார். 1890-களில் சார்லஸ் பர்டிக், காற்றும் வண்ணமும் முனைக்குள்ளேயே கலந்து வரும் வடிவத்தைக் கொண்டுவந்து, பிறகு இங்கிலாந்துக்குப் போய் ஏரோகிராஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மாமா கையிலிருந்தது அந்த வழியில் வந்தது.

எனக்கு அப்போது விமானப் பைத்தியம். சிங்கப்பூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் மாடல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 1/72 அளவு, உள்ளங்கையில் தாங்கலாம். கூடவே ஹம்ப்ரால் எனாமல் சின்ன டப்பாக்கள். ஏரோகிராஃபில் அடித்துத் தரச் சொல்லி மாமாவிடம் கெஞ்சினேன்.

“எனாமல் உள்ள போயி ஒட்டிக்கிருச்சுன்னா நாளைக்கு யாரோ ஒரு அம்மா மொகம் கெட்டுப்போகும் மாப்ள. வெளையாட்டுக்கு வேற வழி பாப்போம்” என்றார்.

சொன்னபடியே வழியும் காட்டினார். பழைய டூத்பிரஷ்ஷை மையில் தோய்த்துச் சீப்பில் தேய்த்து இலையைச் சுற்றித் தூவுவோமே, பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பில், அதே முறை. வேண்டாத இடங்களைத் தாள் வெட்டி மறைத்துவிட்டு இறக்கையில் பச்சையைத் தூவினோம். அன்று எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் கருவி எந்த வேலைக்கோ அதற்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டும் என்பதில் மாமாவுக்கு இருந்த பிடிவாதம், இன்று யாராவது ஏர்பிரஷ் வாங்குவது பற்றிக் கேட்டால் முதலில் என் நினைவுக்கு வருகிறது.

சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சமீபத்தில் கேட்டான். டாமியாவின் 1/48 மெஸர்ஷ்மிட் 109 வாங்கியிருக்கிறான். பக்கவாட்டில் கரும்பச்சையும் சாம்பலும் திட்டுத்திட்டாக, ஓரம் கரைந்து நிற்கும் ஜெர்மானிய வண்ணப்பூச்சு அதற்கு வேண்டும். பாதி இரவு முழித்துப் பட்டியல் போட்டிருந்தான். இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், பாஷே, பேட்ஜர், க்ரியோஸ், பெயரில்லாத சீனத் தயாரிப்புகள். கடைசியில், வண்ணம் வெளிவரும் துளை 0.15 மி.மீ. மட்டுமே உள்ள நாசில் ஒன்றில் வந்து நின்றிருந்தான்.

“இருக்கறதுலயே மெல்லிசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல மாமா?”

ஆகாது. 1/48-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 4.8 செ.மீ. என் பழைய 1/72 ஸ்பிட்ஃபயரில் அதே மில்லிமீட்டர் 7.2 செ.மீ. அளவு சிறுக்கச் சிறுக்க கோடும் மெலிந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மெலிந்த கோட்டை நாசில் மட்டும் தருவதில்லை. நல்ல 0.3 மி.மீ. கருவியில் வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுத்தத்தை 15 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி, முனையைப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோனால் மில்லிமீட்டர் அளவுக் கோடு வரும். மெஸர்ஷ்மிட்டின் திட்டுகளுக்கு அது தாராளம். மாமா போட்டது நீர்வண்ணம், மிக நைசாக அரைத்தது. மாடல் அக்ரிலிக் அப்படிப்பட்டதல்ல. வேகமாக உலர்ந்து ஊசி முனையிலேயே படியும். 0.15-ல் அதை அடித்தால் பாதி நேரம் முனையைத் துடைப்பதிலேயே போகும். ப்ரைமர் அடிக்க 0.5 சுகம், நுணுக்கத்துக்கு 0.2. ஒன்றே ஒன்றுதான் என்றால் 0.3. கிண்ணம் மேலே இருக்கும் வகையாக இருக்கட்டும். வண்ணம் தானாக இறங்குவதால் குறைந்த காற்றிலேயே வேலை நடக்கும், கழுவுவதும் சுலபம். அடியில் குப்பி தொங்கும் வகை பெரிய பரப்புகளுக்குச் சரி.

அவன் கேட்காத கேள்வி காற்றைப் பற்றியது. என்னைக் கேட்டால் பணத்தில் பெரிய பங்கு அங்கேதான் போக வேண்டும்.

மாமாவுக்குக் காற்று பற்றாக்குறை. இவனுக்குச் சுவிட்சைப் போட்டால் காற்று, ஆனால் அதில் தண்ணீர். தொட்டி வைத்த சிறிய கம்ப்ரஸர் 4 பார் வரை ஏற்றும். அப்போது உள்ளே காற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு சுருங்கியிருக்கும். சுருக்கும்போது சூடாகும் காற்று ஆறும்போது, தான் கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பகுதியைத் தாங்க முடியாமல் நீராக விட்டுவிடும். சென்னையின் கடல்காற்றில் ஈரத்துக்குக் கேட்பானேன். அந்த நீர் குழாய் வழியே வந்து, இறக்கையின் நடுவில் ஒரு சொட்டாகத் தெறிக்கும். அதனால் தொட்டி அவசியம். காற்று அங்கே ஆறும், துடிப்பும் அடங்கும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும் நீர்ப்பிடிப்பான் போதாது. குழாயிலும் காற்று ஆறிக்கொண்டே வருவதால், கைக்கு அருகில் இன்னொன்று வேண்டும். லாக்கர் வண்ணம் அடிப்பவர்கள் அடைமழை நாளில் கருவியை எடுக்காமல் இருப்பது நல்லது. ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். லாக்கருக்கு முகமூடி கட்டாயம், சாதாரணத் துணி முகமூடி அல்ல, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைச் சத்தமில்லாத காற்றுக்காகப் பொருத்திக்கொண்ட பொறுமைசாலிகள் நம்மூரில் உண்டு. எண்ணெய் காற்றோடு வந்துவிடாமல் வடிகட்டினால் நன்றாகவே ஓடும்.

அப்புறம் உதிரிபாகம். நாசில் என்பது நெல்மணி அளவுகூட இல்லாத உலோகத் துண்டு. சில கருவிகளில் மிகச் சிறிய மரையில் திருகி நிற்கும். கொஞ்சம் அதிகம் முறுக்கினால் மரை உள்ளேயே ஒடியும். தானாக நடுவில் வந்து உட்காரும் நாசில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நிம்மதி. மாமாவின் ஊசி ஒருமுறை வளைந்தபோது புதியது பம்பாயிலிருந்து வர மாதக்கணக்கானது. அதுவரை வளைந்த நுனியை எண்ணெய்க் கல்லில் உருட்டி உருட்டி நேராக்கி ஓட்டினார். இன்று ஊசி சில நாளில் வீடு தேடி வரும், ஆனால் எல்லாக் கருவிக்கும் அல்ல. பெயரில்லாத கருவிகளில் பலவற்றுக்கு நாசில் தனியே கிடைக்காது. சிலவற்றில் ரப்பர் வளையம் லாக்கர் தின்னரில் ஊறி உப்பிவிடும். டெஃப்லான் வளையம் தாங்கும். நாசில், ஊசி, வளையம் மூன்றும் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கருவியை வாங்கு என்றுதான் அவனிடம் சொன்னேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் வந்ததும் பினிஷிங் வேலை ஸ்டூடியோக்களை விட்டுப் போனது. மாமா கை ஓய்ந்து உட்கார்ந்தார். யாருடைய பிழைப்புக்காக அந்தக் கருவி இவ்வளவு நுட்பமாக வளர்ந்ததோ அவர்களிடம் இன்று அது இல்லை. அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில், விளையாட்டுக்கு என்று மாமா அன்று தர மறுத்த அதே பொம்மை விமானக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து வாங்குவதாலும்தான் இன்றும் யாரோ ஒரு தொழிலாளி 0.2 மி.மீ. நாசிலைக் கடைந்துகொண்டிருக்கிறார். இதில் எனக்கு வருத்தமும் சந்தோஷமும் சமமாக உண்டு. மாமாவின் தொழில் திரும்பப் போவதில்லை. ஆனால் அவர் விரலுக்குத் தெரிந்தது, ஊசியை எந்த அளவு இழுத்தால் எவ்வளவு வண்ணம் என்ற அந்த ஞானம், வேறு விரல்களில் இருக்கிறது.

மருமகன் 0.3 மி.மீ. டபுள் ஆக்‌ஷன் ஒன்றும், தொட்டி வைத்த கம்ப்ரஸரும், இரண்டு நீர்ப்பிடிப்பான்களும், முகமூடியும் வாங்கிவிட்டான். 0.2 அடுத்த தீபாவளி போனஸுக்கு என்று தள்ளிவைத்திருக்கிறான். விமானத்தைத் தொடும் முன், மாமா என்னைப் பழக்கியபடி, வெள்ளைத்தாளில் தண்ணீர் கலந்த மையால் முதலில் ஒரே அளவுப் புள்ளிகள், பிறகு புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு, அதன் பிறகு மெல்லத் தொடங்கி மெல்ல மறையும் வால் என்று பழகச் சொல்லியிருக்கிறேன். நேற்று அனுப்பிய தாளில் புள்ளிகள் சரி. வால் இன்னும் திடீரென்று அறுகிறது. விரலை முன்னால் தளர்த்தி ஊசியை மூடு, காற்றை நிறுத்தாதே என்று பதில் எழுதினேன்.