குண்டலுபேட்டைத் தட்டில் மு+1 கோட்பாடு: ஒரு முன்னாய்வு

வேற்றுமொழிக் குடும்பத்தில் தங்கிப் படிக்கப் போகும் மாணவனின் முதல் நாட்களைப் பற்றி அறிஞர் பெருமக்கள் ஏற்கெனவே எழுதிக் குவித்துவிட்டார்கள். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த தம் நாட்டவரை விசாரித்து, அயலூர் போனவன் மனம் முதலில் துள்ளும், அப்புறம் சுருளும், பிறகு தேறும் என்று கண்டுபிடித்தார். அதற்கு 'யு' எழுத்துப்போல ஒரு வளைகோடும் உண்டு. விடுதிக்குப் பிள்ளையை அனுப்பிய எந்தத் தாயும் இதைச் சொல்லியிருப்பாள். கோடு மட்டும் போட்டிருக்க மாட்டாள். 1960இல் ஓபெர்க் என்ற மானிடவியலாளர் இதே சங்கதியைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று சொல்லி, நான்கு கட்டமாகக் கூறுபோட்டு, முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்று பெயர் வைத்தார். ஸ்பெயினில், 1218 முதல் பல்கலைக்கழகம் நடக்கும் சலமாங்காவில், ஸ்பானியம் படிக்க வரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போடுவது ஒரு பிழைப்பாகவே நடக்கிறது. மத்தியானச் சோறு மூன்று மணிக்கும் ராத்திரிச் சோறு பத்து மணிக்கும் வருவதால் அந்தப் பிள்ளைகள் விட்ட பெருமூச்சுகள் ஏராளம்.

ஆனால் குண்டலுபேட்டையில் கன்னடக் குடும்பத்தோடு தங்கிய தமிழ் மாணவனுக்கு ஒரு வளைகோடுகூடக் கிடையாது. நெறியாளர்கள் ஆய்வு இடைவெளி என்று சொல்வது இதைத்தான். இடைவெளி ஏன் காலியாகக் கிடக்கிறது என்று யோசிக்காமல் ஓடிப்போய் அதில் துண்டு போட்டு இடம் பிடிப்பதே ஆய்வாளன் கடமை.

இயல் ஒன்று: களம்

குண்டலுபேட்டை மைசூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போய்விட்டது. ஊர்க்காரர்கள் இன்னும் 'மைசூர்ப் பக்கம்' என்றே சொல்கிறார்கள். இதில் எது சரி என்று இரண்டு பேராசிரியர்களை ஓர் அறையில் வைத்துக் கேட்டால் மூன்று கட்டுரை கிடைக்கும். ஆடி ஆவணியில் சுற்றுவட்டாரம் முழுக்கச் செண்டுமல்லியும் சூரியகாந்தியுமாக மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஓணத்துக்குக் கேரளம் போகும் பூவில் இந்த ஊர்ப் பூவும் உண்டு. பூவுக்கும் நம் ஆய்வுக்கும் தொடர்பில்லை. களம் என்ற இயலில் நிலவளம் சொல்லாவிட்டால் தேர்வாளர் கேட்பார்.

இயல் இரண்டு: தொல்காப்பியத்தில் இப்பொருள்

இல்லை.

(இல்லாததைப் பற்றி நாற்பது பக்கம் எழுதலாம் என்று நெறியாளர் அபிப்பிராயப்பட்டார். மெய்ப்பாடு எட்டும் உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். நான்காம் இயலில் தேவைப்படும்.)

இயல் மூன்று: மாணவனும் தலையாட்டலும்

நம் மாணவன் நாகப்பட்டினத்துக்காரன். நாகப்பட்டினத்தில் புறப்பட்டு, திருச்சி, கோவை, ஊட்டி வழியாக மலையேறி இறங்கிய பழைய 67ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில்தான் முடியும். பிள்ளை சாலையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வந்திருக்கிறான் என்பதை இதன்வழி அறிய முடிகிறது. வந்த காரியம், பந்திப்பூர்க் காட்டோரம் விலங்கியல் களப்பணி. 1976இல் சிவகாசிக் கல்லூரி ஆசிரியர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இதே பந்திப்பூருக்கு வந்து செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே இரண்டு வருஷம் அலைந்தார். செந்நாய் எதைத் தின்னும், எப்படித் தின்னும் என்பதெல்லாம் அதனால் நமக்குத் தெரியும். செந்நாயை ஆராய வரும் பிள்ளை எவ்வளவு தின்னும் என்பது இதுவரை ஆராயப்படவில்லை.

வீட்டில் அஜ்ஜி, அவர் மகன், மருமகள், எட்டாவது படிக்கும் பேரன். மாணவன் அவர்களை அஜ்ஜி, அண்ணா, அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். அதற்கு மேல் கன்னடம் வராத இடமெல்லாம் தலையை ஆட்டினான். தலையாட்டல் வகைகள்: மேலும் கீழும், பக்கவாட்டில், இரண்டுமல்லாமல் கழுத்தில் ஆணி கழன்றாற்போல. பல்கேரியா போயிருந்தால் மேல்கீழ் ஆட்டம் மறுப்பாகியிருக்கும், பிள்ளை பிழைத்திருப்பான். தமிழனும் கன்னடனும் தலையை ஒரே மாதிரி ஆட்டுவதுதான் வினை. சாப்பிட்டாயா என்று அக்கா கேட்கும்போது ஆமென்று ஆட்டினால், பாவம், கூச்சப்படுகிறான் என்று தட்டு வைப்பார். இல்லையென்று ஆட்டினால் ஐயோ என்று தட்டு வைப்பார். ஆணி கழன்ற ஆட்டமானால் பாஷை புரியவில்லை, பசிதான் என்று தட்டு வைப்பார். எந்த ஆட்டத்துக்கும் விளைவு ஒன்றே. ஆய்வுமொழியில் சொன்னால், தட்டு என்பது தலையைச் சாராத மாறி.

இயல் நான்கு: முத்தெ

இந்த இயலை இரண்டு பக்கத்தில் முடிக்க எண்ணியிருந்தேன். பொருள் விடவில்லை.

தருமபுரிப் பிள்ளையாக இருந்திருந்தால் இந்த ஆய்வே பிறந்திருக்காது. கேழ்வரகுக் களியை அவன் தொட்டிலிலேயே பார்த்திருப்பான். நாகைப் பிள்ளைக்கு அது புதுசு. கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைக் குவியலாகக் கொட்டிக் கிளறாமல் வேகவிட்டு, அப்புறம் கட்டைக்கோலால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் பலகையில் உருட்டினால் முத்தெ. (அஜ்ஜி, அடுப்படி உரை.) பக்கத்தில் பஸ்ஸாரு: கீரையையும் பருப்பையும் வேகவைத்து வடித்த தண்ணீரில் வைத்த சாறு; வடித்ததில் மிஞ்சியது பல்யம் என்ற பொரியலாகிவிடும். ஆக ஒரு பானையில் இரண்டு காரியம். (அஜ்ஜி, அடுப்படி உரை, திருத்திய பதிப்பு, மருமகள் முன்னிலையில்.)

முதல் ராத்திரி நடந்தது இது. தட்டின் நடுவே ஆவி பறக்க ஒரு கரும்பழுப்பு உருண்டை. மாணவன் ஒரு துண்டைக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, வாயில் போட்டு மென்றான். முத்தெயை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மென்றது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. நாக்கால் நெம்பினான், நாக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் எல்லாக் கையும் தட்டின் மேல் அப்படியே நின்றது. பேரன் பக்கத்தில் நகர்ந்து வந்து, ஒரு துண்டைக் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, குழியில் சாறு மொண்டு, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து விழுங்கிக் காட்டினான். தொண்டை ஏறி இறங்குவது தெரிய வேண்டும் என்று சட்டைக் காலரையும் விலக்கிக்கொண்டான். மாணவன் முகத்தில் மருட்கையில் தொடங்கி அச்சம், அழுகை, இளிவரல் என்று வந்து, கடைசி வாய் இறங்கியபோது பெருமிதமும் உவகையும் தோன்றின. நகையும் வெகுளியும் முறையே பேரனுக்கும் அஜ்ஜிக்கும் உரியவை. ஒரே உருண்டையில் எட்டும் கிடைத்தது. பல் எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கும் அன்று விடை கிடைத்தது: சிரிப்பதற்கு, வெற்றிலைக்கு. (அஜ்ஜி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளும் அவற்றின் பற்களும்", திண்ணைப் பேருரை, தொகுதி 2, சாயங்காலப் பதிப்பு, வெற்றிலை போடுவதற்கு முன், போட்ட பிறகு வந்த பதிப்பில் பாடபேதம் உண்டு, உச்சரிப்பு தெளிவில்லை.)

இனிக் கோட்பாடு. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களில் உலகப் புகழ் பெற்ற ஒரு சூத்திரம் சொன்னார்: ஐ+1. மாணவன் இப்போது நிற்கும் படி ஐ. அதற்கு ஒரு படி மேலான பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் மொழி தானாக வரும். குண்டலுபேட்டை அடுப்படிகள் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமலே இதன் உயர்ந்த வடிவத்தைக் கையாண்டுவருகின்றன. அது மு+1. தன்னால் முடியும் என்று மாணவன் கருதும் உருண்டைகளின் எண்ணிக்கை மு. தட்டில் விழுவது அதைவிட ஒன்று கூட. நேற்று விழுந்த +1 இன்று மு ஆகிவிடுவதால் சூத்திரத்துக்கு முடிவு கிடையாது. அவரைக்காய்க் காலத்தில், பிதுக்கிய பருப்புச் சாறு வைக்கும் நாளில், 1 என்பது 2 ஆகும். ஏனென்று கேட்டதற்கு, "அவரைக்காய்ப்பா" என்றார்கள். நிரூபணம் முற்றிற்று.

கிராஷன் இன்னொன்றும் சொன்னார்: புதுமொழி கற்பவனுக்குத் தொடக்கத்தில் ஒரு மௌனப் பருவம் உண்டு, அப்போது அவனை வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது. மௌனத்துக்குக் காரணத்தை அறிஞர்கள் மூளையில் தேடிவருகிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கி வாயில் தேடியிருக்கலாம்.

போதும் என்று சொல்ல மாணவன் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தான். சொன்னான். அது உபசாரப் பேச்சாக வரவு வைக்கப்பட்டது. தட்டைக் கையால் மூடினான். அக்கா முத்தெயைக் கரண்டியில் ஏந்தியபடி, ஊர்ச் சமாசாரம் பேசிக்கொண்டே, கை எப்போதாவது எடுக்கப்படும் என்ற நிதானத்தோடு நின்றார். மூக்கு அரித்தது. எடுத்தான்.

தப்பி ஓடலாமே என்று வெளியூர்த் தேர்வாளர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டுக்குப் போகும் சாலை பந்திப்பூர்ப் புலிக்காட்டுக்குள் போகிறது. 2009 முதல் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை அதில் போக்குவரத்துத் தடை. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. யானையும் மானும் அடிபடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டே முக்காலுக்கு என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இயல் ஐந்து: வரலாறு

பழைய மைசூர் ராஜ்யத்தில் வாரான்னம் என்று ஒரு முறை இருந்தது. நம் பக்கத்து வாரச் சாப்பாடு. படிக்க வந்த ஏழைப் பையன் திங்களுக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கு ஒரு வீடு என்று ஏழு வீட்டில் சாப்பிட்டான். +1 ஏழு அடுப்படிகளுக்குப் பங்காகிப் போனதால் சேதம் குறைவு. அந்தப் பையன்கள் பலர் படித்துப் பெரிய ஆளானதற்குக் காரணம் உழைப்பு என்கிறார்கள். லேசான வயிறும் ஒரு காரணமா என்பது மேலாய்வுக்கு உரியது.

வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதி, 1983இல் ஞானபீடம் பெற்றவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். நாடகக்காரர் டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்தவர்தான். இருவரைப் பற்றியும் ஆய்வேடுகள் உண்டு. ஒன்றாவது முத்தெக் கணக்கைத் தந்திருக்க வேண்டாமா?

இயல் ஆறு: இவ்வாய்வு அரங்கேறிய விதம்

இக்கட்டுரையின் சுருக்கத்தை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பினேன். பன்னாடு என்பது, மலேசியாவிலிருந்து ஒருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். பணம் கட்டியதும் கட்டுரை தரமானது என்று பதில் வந்தது. கட்டுரையைச் சேர்த்து அனுப்ப மறந்தது பிறகுதான் தெரிந்தது. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டுரை முதல் வரியில் எவரையோ மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டி, கடைசி வரியில் அவரை மறுத்திருந்தது. பதவி உயர்வுக்கு மதிப்பெண் உண்டாம்.

இயல் ஏழு: வரம்புகள்

கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வு ஆய்வல்ல என்று நெறியாளர் கண்டிப்பாகச் சொன்னார். அதாவது, அதே வீட்டில் இரண்டாவதாக ஒரு மாணவனைத் தங்கவைத்து, அவனுக்கு +1 போடாமல் இருந்து, இருவரில் எவனுக்குக் கன்னடம் முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். உரிய படிவங்களோடு போய் அஜ்ஜியிடம் சம்மதம் கேட்டேன். மாணவன் மொழிபெயர்த்தான், தடங்கலில்லாமல், கொஞ்சம் அதிகமாகவே கைகளை ஆட்டி. அஜ்ஜி முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பார்க்கவிடச் சொல்கிற வாத்தியாருக்கு வீட்டில் பெண்டு பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். (அஜ்ஜி, நேர்ப்பேச்சு, கட்டைக்கோல் கையில் இருந்தபோது.) பிறகு படிவத்தை வாங்கி மடித்துச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தார். மருமகள் தட்டு எடுத்துவரப் போனார். நான் மதியம் சாப்பிட்டுவிட்டதைத் தெரிவிக்கத் தலையை ஆட்டினேன்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கான அட்டவணை இதனால் காலியாக விடப்பட்டிருக்கிறது.